கன்னத்தின் மதகை யார் திறந்தது?

பாரிஸ் நகரத்தில் 1851-ஆம் ஆண்டு ஒரு முயலுக்கு ஒரு காது மட்டும் சிவந்தது. முதலில் அந்தக் காதை எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நம் கன்னத்துக்கு வரலாம்.

கிளாட் பெர்னார் என்று ஓர் உடலியல் அறிஞர். உடம்பின் சூட்டுக்கும் நரம்புக்கும் என்ன தொடர்பு என்று தேடிக்கொண்டிருந்தார். முயலின் கழுத்தில் ஒரு பக்கமாக ஓடும் மெல்லிய நரம்பு ஒன்றை அறுத்தார். நரம்பு போய்விட்டால் அந்தப் பக்கம் சில்லிட்டுப்போகும் என்பது அவர் போட்ட கணக்கு. நடந்தது தலைகீழ். அந்தப் பக்கத்துக் காது சூடானது. முயலின் காது எவ்வளவு மெல்லியது என்று உங்களுக்குத் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஓடும் ரத்தக் குழாய்கள் எல்லாம் தெரியும். அந்தக் குழாய்கள் புடைத்தன. அதுவரை கண்ணில் படாத சின்னக் குழாய்கள்கூடத் தெரிந்தன. இன்னொரு காது பழையபடியே இருந்தது.

அடுத்த ஆண்டு பிரவுன்-செக்கார் என்பவர் அறுபட்ட அந்த நரம்பின் மேல்முனையில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். குழாய்கள் சுருங்கின, காது வெளுத்துக் குளிர்ந்தது.

(இன்று விலங்கின் மேல் கத்தி வைக்க ஏகப்பட்ட விதிகள் உண்டு. அன்று இல்லை. பெர்னாரின் மனைவிக்கே இந்த வேலை அறவே பிடிக்காமல், கடைசியில் கணவரை விட்டுப் பிரிந்தார். முயலின் பக்கம் நின்று யோசித்தால் அந்த அம்மாவின் கோபம் நியாயம்தான்.)

முயல் என்ன சொல்லிக்கொடுத்தது? ஏரியிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் மதகு இருக்கும். பலகையைத் தூக்கினால் தண்ணீர் பாயும், இறக்கினால் குறையும். தோலுக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்களின் சுவரிலும் தசை உண்டு. தசை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். பரிவு நரம்பு என்ற நரம்புதான் எந்நேரமும் அந்தப் பலகையைப் பாதி இறக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் தூங்கும்போதுகூட அது கையை எடுப்பதில்லை. பெர்னார் முயலின் கழுத்தில் அந்த நரம்பை அறுத்ததும் பிடி விட்டது, மதகு திறந்தது, ரத்தம் பாய்ந்தது. ரத்தம் சூடு, ரத்தம் சிவப்பு. அதனால் காது சூடாகிச் சிவந்தது.

ஆக, சிவப்பு என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. தோலுக்கு அடியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ரத்தம் வந்திருக்கிறது என்ற செய்தி மட்டும்தான். மதகை யார் திறந்தார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாதி நேரம் நல்ல காரணத்துக்காகத்தான் திறந்திருக்கும். மீதி நேரத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நல்ல காரணத்தை முதலில் பார்ப்போம். மதிய இடைவேளையில் கபடி ஆடிவிட்டு வகுப்புக்குள் நுழைகிறீர்கள். காது, கன்னம், நெற்றி எல்லாம் தீயாகக் காய்கிறது. தசைகள் வேலை செய்யும்போது, சாப்பாட்டிலிருந்து கிடைத்த ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் ஓட்டத்துக்கும் தாவலுக்கும் போகிறது. மிச்சமெல்லாம் வெறும் சூடு. அந்தச் சூட்டை உள்ளேயே வைத்துக்கொண்டால் மூளையும் ஈரலும் தாங்காது. அதனால் உடம்பு அதை ரத்தத்தில் ஏற்றித் தோலுக்கு அனுப்புகிறது. தோலிலிருந்து காற்றுக்கும் வியர்வைக்கும் சூடு போய்விடும். வளர்ந்த ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேலாகத்தான் தோலுக்கு ரத்தம் போகிறது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை போகலாம். அவ்வளவு ரத்தம் மேலே வந்தால் முகம் சிவக்காமல் என்ன செய்யும்?

நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் முகம் பழையபடி ஆகிவிடும். ஆகாவிட்டால்தான் கவனிக்க வேண்டும். கத்திரி வெயிலில் விளையாடிய நண்பன் தலை வலிக்கிறது என்கிறான், வாந்தி எடுக்கிறான், கேள்வி கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான் அல்லது தள்ளாடுகிறான். இது வெப்பத்தாக்கு. உடம்பின் உட்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். ‘வெயில்ல அப்படித்தான் இருக்கும், படுத்தா சரியாயிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆசிரியரைக் கூப்பிடுங்கள், 108-க்குச் சொல்லச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை அவனை நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். குழறிப் பேசுகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

சாப்பாட்டு நேரத்திலும் முகம் சிவக்கும். பச்சை மிளகாயைத் தெரியாமல் கடித்துவிட்டால் போதும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் என்ற பொருளுக்கு உண்மையில் சூடே கிடையாது. நம் வாயிலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் ‘சுடுகிறது’ என்று மூளைக்குத் தகவல் அனுப்புவது அதன் வேலை. கேப்சைசின் வந்து ஒட்டிக்கொண்டாலும் அது அதே தகவலைத்தான் அனுப்பும். மூளையும் நம்பிவிடும். சூடு ஏறிவிட்டது என்று எண்ணி, குளிரவைக்க மதகைத் திறக்கும், வியர்வையை விடும். அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-ல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளிடமும் இந்தப் புரதம் உண்டு, ஆனால் அதில் கேப்சைசின் ஒட்டாது. அதனால்தான் கிளி மிளகாய்ப்பழத்தை ரசித்துத் தின்கிறது. நாம் மட்டும் தண்ணீர்ப் பானையைத் தேடி ஓடுகிறோம்.

இனி வெட்கம். எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சூடும் இல்லை, மிளகாயும் இல்லை, கிருமியும் இல்லை. யாரோ நம்மைப் பார்க்கிறார்கள் என்பதற்காக மட்டும் முகம் சிவக்கிறது. காலையில் பள்ளிக் கூட்டத்தில் திருக்குறள் சொல்ல வந்து, இரண்டாவது அடி மறந்து நின்ற எல்லோருக்கும் அந்தச் சூடு தெரியும்.

இதை விட்டுவிடாமல் துரத்தியவர் சார்ல்ஸ் டார்வின். ஆம், பரிணாமம் பேசிய அதே டார்வின். 1872-ல் அவர் எழுதிய, மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிக்காட்டும் விதம் பற்றிய புத்தகத்தில் வெட்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு வெட்கத்தால் முகம் சிவப்பதில்லை என்று கவனித்து எழுதினார். பார்வையும் செவித்திறனும் இல்லாத லாரா பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு முகம் சிவக்கும் என்றும் குறித்தார். அதாவது, பிறர் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பழக்கம் இல்லை இது. பல நாடுகளில் இருந்தவர்களுக்கு அவர் கேள்வித்தாள் அச்சிட்டு அனுப்பினார். தோலின் நிறம் இடம்கொடுத்தால், வெட்கப்படும்போது சிவப்பு தெரிகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. கறுத்த தோல் கொண்டவர்களும் வெட்கத்தில் சிவக்கிறார்களா என்பது அந்தக் காலத்தில் பெரிய வாதமாக இருந்தது. தாமஸ் பர்ஜஸ் என்ற மருத்துவர் 1839-லேயே எழுதிவைத்திருந்த ஒரு செய்தியை டார்வின் எடுத்துக்காட்டினார். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண் ஒருவரின் முகத்தில் தழும்பு இருந்தது. தழும்பில் கறுப்பு நிறமி இல்லை. அவரைத் திடீரென்று அதட்டினால் அந்தத் தழும்பு மட்டும் சிவக்கும்! முகம் முழுவதும் ரத்தம் பாய்கிறது, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது தழும்பில் மட்டும்.

இந்தத் தழும்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் எல்லோருக்கும் அது தேவைப்படும். அதற்கு முன் வெட்கத்தை முடித்துவிடுவோம்.

பயந்தால் முகம் வெளுக்கிறது, வெட்கப்பட்டால் சிவக்கிறது. இரண்டு நேரத்திலும் அட்ரினலின்தான் சுரக்கிறது. பல இடங்களில் தோலின் குழாய்களை அது சுருக்கும். முகத்தின் சில குழாய்கள் மட்டும் அதைக் கண்டு விரியும் வகையைச் சேர்ந்தவை. அதோடு முகத்தில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக, தோலின் மேற்பரப்புக்கு அருகே இருக்கின்றன. அதனால் வெட்கம் முழங்காலில் தெரிவதில்லை, கன்னத்தில் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் மர்டாக் பல்கலைக்கழகத்தில் ஒரு வேடிக்கையான சோதனை நடத்தி, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலரைப் பாட வைத்தார்கள். பாடும்போது ஆய்வாளர் ஒருவர் அவர்களுடைய முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் உற்றுப் பார்த்தார். பார்க்கப்பட்ட பக்கத்துக் கன்னத்தில் ரத்த ஓட்டம் கூடுதலாக இருந்தது! எந்தக் கன்னத்தைப் பார்க்கிறார்கள் என்பதைக்கூட உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

வெட்கத்தில் சிவந்தால் மருத்துவர் தேவையில்லை. ‘ஐயே, சிவந்துட்டான் பாரு’ என்று கிண்டல் செய்யும் ஆள்தான் தேவையில்லை. அப்படிச் சொன்னால் சிவப்பு இன்னும் கூடும். ஆனால் சிவந்துவிடுவோமோ என்ற பயத்தாலேயே ஒருவர் வகுப்பில் கை தூக்குவதையும், நண்பர்களோடு சேர்வதையும், பள்ளிக்கு வருவதையும் நிறுத்திவிட்டால், அதற்கும் உதவி உண்டு. மனநல ஆலோசகர்கள் அதைப் பேசிப் பழக்கிச் சரிசெய்வார்கள்.

இப்போது அந்தத் தழும்புக்கு வருவோம். ‘எங்க வீட்ல எல்லாரும் மாநிறம், சிவந்தா தெரியவே தெரியாதே?’ என்று உங்களில் பலர் இதற்குள் கேட்டிருப்பீர்கள். அருமையான கேள்வி. மருத்துவப் புத்தகங்களே பல காலம் இதைக் கேட்க மறந்திருந்தன.

நம் தோலில் மேலே இருப்பது மேல்தோல். முகத்தில் அதன் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதற்குள்தான் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. ரத்தக் குழாய்கள் அதற்குக் கீழே உள்ள அடித்தோலில் இருக்கின்றன. மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை தயாரிக்கும் நிறமியின் அளவும், அதை நிரப்பிவைக்கும் துகள்களின் பருமனும்தான் வேறுபடுகின்றன. கீழே எவ்வளவு ரத்தம் பாய்ந்தாலும் அதன் சிவப்பு மேலே உள்ள பழுப்பைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். அதனால் மாநிறத் தோலில் சிவப்பு செம்பு நிறமாகத் தெரியும். கறுத்த தோலில் ஊதாவாகவோ, சுற்றியிருக்கும் இடத்தைவிட இன்னும் கறுப்பாகவோ தெரியும். சில நேரம் ஒன்றுமே தெரியாது. மருத்துவப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலே இருந்ததால், படித்துவிட்டு வந்தவர்கள் கறுத்த தோலில் அதே நோயைத் தவறவிட்டார்கள். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுத்த, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் கையேடு ஒன்றைத் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-ல் வெளியிட்டார். மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து வந்த புத்தகம் அது.

அப்படியானால் நாம் எப்படிப் பார்ப்பது? நிறத்தை மட்டும் நம்பாமல் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. புறங்கையை இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு பக்கம் கூடுதலாகச் சுடுகிறதா? விரலால் தடவினால் மேடாக, சொரசொரப்பாக இருக்கிறதா? அழுத்தினால் வலிக்கிறதா? வீக்கத்தால் கண் சிறுத்துவிட்டதா? சன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில் இரண்டு கன்னங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நிற மாற்றம் பிடிபடும். உள்ளங்கை, பாதம், கீழ் இமையின் உட்பக்கம், உதட்டின் உட்பக்கம் ஆகிய இடங்களில் நிறமி குறைவு. அங்கே சிவப்பு ஒளிந்துகொள்ள முடியாது.

இன்னொரு சோதனைக்குக் கண்ணாடி டம்ளர் வேண்டும். எவர்சில்வர் உதவாது, ஊடே தெரிய வேண்டும். சிவந்த புள்ளிகளின் மேல் டம்ளரின் பக்கவாட்டை வைத்து அழுத்திப் பாருங்கள். குழாய்க்குள் இருக்கும் ரத்தம் அழுத்தினால் நகர்ந்துவிடும், சிவப்பு மறையும். அழுத்தியும் மறையாத புள்ளி என்றால், ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்திருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சலோடு இப்படி மறையாத புள்ளிகள் வந்தால், நள்ளிரவாக இருந்தாலும் பெரியவர்களை எழுப்பி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளை உறைக்காய்ச்சலும் இருக்கலாம், டெங்குவும் இருக்கலாம்.

டெங்கு பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். மழைக்காலம் வந்தால் நம் ஊர்களில் அது வராமல் போவதில்லை. காய்ச்சல் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு நாளில் பலருக்குக் கழுவிக் காயவைத்த செம்புபோல் முகம் சிவக்கும். ‘காய்ச்சல் சூட்டுல முகம் சிவந்திருக்கு’ என்று விட்டுவிடுவார்கள். சூட்டோடு தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும். இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. சிக்கலான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும்போதுதான் வருகிறது. மூன்றாம் நாளுக்குப் பிறகு சூடு தணிந்துவிட்டதே என்று நினைக்கும்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு வந்தால் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குத் தானாகக் கடையில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வாங்கிப் போடவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

கிருமிகளில் ஒன்று கன்னத்தில் அறைந்துவிட்டே போகும். இரண்டு கன்னமும் பளார் பளார் என்று அடிவாங்கியதைப் போலச் சிவந்திருக்கும், குழந்தையோ ஜாலியாக விளையாடிக்கொண்டிருக்கும். பார்வோ வைரஸ் பி19 என்பது அந்தக் கிருமியின் பெயர். 1975-ல் லண்டனில் இவோன் கொசார்ட் என்ற பெண் விஞ்ஞானி, வேறொரு வைரஸைச் சோதிக்கும்போது தற்செயலாக இதைக் கண்டார். பி என்று குறித்த வரிசையில் 19-ஆம் மாதிரியில் அகப்பட்டதால் அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள். சில நாளில் கை கால்களிலும் பின்னலைப் போலத் தடம் வரும், பிறகு தானாக மறையும். வேடிக்கை என்னவென்றால், கன்னம் சிவக்கும் நேரத்தில் பெரும்பாலும் பிறருக்குத் தொற்றும் காலம் முடிந்துவிட்டிருக்கும். வீட்டில் கர்ப்பிணியோ ரத்தசோகை நோய் உள்ளவரோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவர்களுக்கு இது சாதாரண வைரஸ் இல்லை.

தட்டம்மையும் முகத்தில்தான் தொடங்கும். காது மடலுக்குப் பின்னால், நெற்றி ஓரத்தில் முதலில் தடித்து, கீழே இறங்கிக்கொண்டே வரும். கூடவே கடும் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. தடுப்பூசி போட்டவர்களுக்கு இது வருவது மிக அரிது. உங்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். வீட்டில் வேப்பிலை கட்டுவதில் தவறில்லை, மருத்துவரைப் பார்க்காமல் இருப்பதுதான் தவறு.

ஐந்து நாளாகியும் இறங்காத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, ஸ்ட்ராபெரி பழம்போல் புள்ளியிட்டுச் சிவந்த நாக்கு: இவை சேர்ந்து வந்தால் கவாசாகி நோயா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். டோக்கியோவில் தோமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் 1961-ல் ஒரு சிறுவனிடம் இதைக் கண்டார். அவசரப்படாமல் 50 குழந்தைகளைக் கவனித்து 1967-ல் எழுதினார். கவனிக்காமல் விட்டால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் வீங்கிவிடும். முதல் பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் பட்டாம்பூச்சி சிறகு விரித்ததைப் போல வந்து, வெயிலில் கூடி, வாரக்கணக்கில் மறையாமல், மூட்டு வலியும் சோர்வும் சேர்ந்திருக்கும் சிவப்பும் அதேபோல் மருத்துவர் பார்க்க வேண்டியது. அது லூபஸாக இருக்கலாம். உடம்பின் காவல்படையே சொந்த உடம்பைத் தாக்கும் நோய் அது. பெரியவர்களுக்கு மூக்கும் கன்னமும் அடிக்கடி சிவந்துபோகும் ரோசேசியா என்ற தொல்லையும் உண்டு. உங்கள் வயதில் அது அபூர்வம்.

இனி பூச்சிக் கதை. மழைக்காலத்தில் இரவு டியூப்லைட்டைச் சுற்றி வரும் பூச்சிகளில் ஒன்று எறும்பைப் போல நீளமாக, ஆரஞ்சும் கறுப்பும் பட்டை போட்டு இருக்கும். அளவு ஒரு சென்டிமீட்டருக்குள். சிலர் ஆசிட் பூச்சி என்பார்கள். உண்மையில் அது ஒரு வகை வண்டு. கடிக்கவும் செய்யாது, கொட்டவும் செய்யாது. முகத்தில் ஊர்ந்தால் நாம் தூக்கத்தில் பட்டென்று அடித்துத் தேய்த்துவிடுவோம். அதன் ரத்தத்தில் பெடரின் என்ற நஞ்சு இருக்கிறது. அந்த நஞ்சை வண்டும் தயாரிப்பதில்லை, அதற்குள் வாழும் பாக்டீரியா தயாரிக்கிறது! ஒரு நாள் கழித்துத்தான் கோடு இழுத்தது போலச் சிவந்து, எரிந்து, கொப்புளம் வரும். அதற்குள் பூச்சியை எல்லோரும் மறந்திருப்பார்கள். அக்கி என்று நினைத்துக் காவி எழுதக் கூட்டிப்போவதும் உண்டு. இந்தப் பூச்சி மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணுக்கு அருகே பட்டுவிட்டால் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காணாக்கடி உங்கள் பாட்டிக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எது கடித்தது என்றே காணாமல் உடம்பெங்கும் தடித்துச் சிவந்து அரிக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு இடத்தில் மறைந்து இன்னொரு இடத்தில் முளைக்கும். இறால், வேர்க்கடலை, முந்திரி, ஏதாவது மாத்திரை, குளவிக் கொட்டு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணமே அகப்படாமலும் போகலாம். ஒவ்வாமையில் நம் செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அது மதகைத் திறப்பதோடு நிற்காமல் குழாய்ச் சுவரையும் கசியவைக்கிறது, அதனால்தான் வீக்கம். தோலோடு நின்றால் பெரும்பாலும் கவலை இல்லை. தோலோடு சேர்ந்து உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு விசில் அடிப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, கண் இருட்டுவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அது நிமிடக் கணக்கு ஆபத்து. 108-ஐ அழையுங்கள், ‘அலர்ஜி, மூச்சு விட முடியவில்லை’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். அட்ரினலின் ஊசிதான் அதற்கு மருந்து. வெட்கத்தில் கன்னத்தைச் சிவக்கவைத்த அதே அட்ரினலின், இங்கே உடம்பெங்கும் விரிந்துபோன குழாய்களைச் சுருக்கி உயிரைக் காக்கிறது.

ஒரு பக்கக் கன்னம் மட்டும் சிவந்து, சுட்டு, வீங்கி, தொட்டால் வலித்து, காய்ச்சலும் அடித்தால் தோலுக்கடியில் கிருமி புகுந்திருக்கிறது. பருவைக் கிள்ளிய இடத்திலிருந்தோ, பல் சொத்தையிலிருந்தோ தொடங்கியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீக்கம் கண்ணைச் சுற்றி வந்துவிட்டாலோ, கண்ணை அசைத்தால் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ காலை வரை காத்திருக்கவே கூடாது.

கடைசியாக, அலமாரியில் இருக்கும் ஒரு டியூபைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கு உண்மையாகவே கோபம் வரும் விஷயம் இது. அக்கா பூசுகிறாள், பக்கத்து வீட்டு அத்தை சொன்னார், கடைக்காரர் கொடுத்தார் என்று ஏதோ ஒரு களிம்பை முகத்தில் பூசுவார்கள். நான்கு நாளில் முகம் ‘பளிச்’ ஆகும், பரு அடங்கும். அதற்குள் ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு என்பது மதகை வலுக்கட்டாயமாக மூடும் மருந்து. சரியான நோய்க்கு, சரியான நாள் கணக்கில், மருத்துவர் கொடுத்தால் அது நல்ல மருந்து. மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலியும், முடி முளைக்கும், பரு கூடும். நிறுத்தினால் அடக்கிவைத்த குழாய்கள் எல்லாம் ஒரேயடியாக விரிந்து முகம் தீப்பிடித்ததைப் போல் எரியும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இந்தச் சுழலில் சிக்கி நம் நாட்டுத் தோல் மருத்துவர்களிடம் வருபவர்கள் ஏராளம். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுகள் கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. இருந்தும் சீட்டைக் கேட்காத கடைகள் இருக்கின்றன. கறுப்பு ஒரு நோய் என்று விளம்பரம் சொல்லிச் சொல்லி, இல்லாத நோய்க்குப் பூசப்போய், இருக்கும் தோலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பூசியவர் திடீரென்று தானாக நிறுத்தவும் வேண்டாம். டியூபோடு தோல் மருத்துவரிடம் போனால் படிப்படியாக விடுவிப்பார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு சிறு தந்திரம். காணாக்கடி போன்றவை நாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே மறைந்துவிடும். ‘காலையில இருந்துச்சு டாக்டர்’ என்று சொல்லி விழிக்க வேண்டிவரும். அதனால் சிவந்திருக்கும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், பிளாஷ் வேண்டாம், அழகுபடுத்தும் பில்டர் வேண்டவே வேண்டாம். சிவந்த கன்னம் ஒன்று, சாதாரணமாக இருக்கும் கன்னம் ஒன்று என்று இரண்டையும் எடுத்தால், மாநிறத் தோலில் வித்தியாசம் அவருக்குப் பிடிபடும். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன பூசினீர்கள், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன பூசினீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் மறைக்காமல் பதில் சொல்லுங்கள், பக்கத்தில் அக்கா முறைத்துக்கொண்டு நின்றாலும் சரி.